பிப்ரவரிக் கடைசி வாரம்

டோரீன் பெல்கி கனடாவின் மிராமிச்சியில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். வரிச்சலுகைக்கான கெடு முடியும் பிப்ரவரிக் கடைசி வாரத்தில், ஆண்டுதோறும் பனியை மிதித்து வங்கிக்குச் சென்று, ஓய்வூதியச் சேமிப்பில் அறுநூறு டாலர் போட்டார். சம்பளம் குறைவானதால், அதனால் அவருக்கு மிச்சமான வரியும் சொற்பமே.

முழங்கால் வலி தாளாமல் அறுபத்தாறாம் வயதில் வேலையை விட்டார். அந்தக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் பழுதாகவே, சேமிப்பிலிருந்து எட்டாயிரம் எடுத்தார். அரசு அதை வருமானமாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஜூலையில், அவர் பெற்றுவந்த, ஏழை முதியோருக்கான உதவித்தொகை மாதம் முந்நூறு டாலருக்கு மேல் குறைந்தது.

தங்கை வெர்னா, அதைத் தெரிவித்த அரசின் கடிதத்தைப் படித்தாள்.

“எல்லாத்தையும் பீரா குடிச்சுத் தீர்த்தானே எதிர்வீட்டு ஏர்ல், அவனுக்கு முழுசா வருது. சேத்து வெச்ச உனக்குத்தான் வெட்டு! வரியில்லாக் கணக்குல போட்டிருந்தா, எடுத்தாலும் ஒண்ணும் குறைஞ்சிருக்காதாம். பேங்குல கேக்கலையாக்கா?”

“பிப்ரவரி வந்தா போய்ப் போடணும், அவ்ளோதான் தெரியும்டி. என்ன கேக்கணும்னே தெரியலையே.”

முழங்காலைத் தேய்த்தபடி, டோரீன் பள்ளிப் பேருந்துப் பணிமனைக்குத் தொலைபேசியில் பேசினார்.

“காலையில ஓட்ட ஆள் வேணுமா? நான் வரேன்.”

சேமித்த ஆண்டுகள் முப்பத்தொன்று. ஓய்வில் இருந்தது ஒன்று.