லொலிபொப் அன்ரியின் விண்ணப்பம்

தோர்ண்டன் ஹீத் வாழ் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் ஆழ்ந்த துயருடன் அறியத்தருவது: எங்கள் வீட்டு ரோஸ்ரர் திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு இறைவனடி சேர்ந்தது. அன்னார் ஆறு வருடங்கள் பாண் கருக்கியவரும், கெற்றிலின் அன்புத் துணைவரும், மைக்ரோவேவின் பாசமிகு மூத்த சகோதரரும் ஆவார்.

மன்னிக்கவேண்டும். இது ஞானம் அன்ரியின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த அறிவித்தலை நான் அவருக்காகத்தான் எழுதினேன். நான்கு வருடமாகப் பள்ளி நாட்களில் பெரும்பாலும் இப்படி ஒரு மரண அறிவித்தலோடுதான் பள்ளிக்கு முன்னால் அவர் நிற்கும் வீதிக் கடவைக்குப் போவேன். அண்ணாவின் போன், அப்பாவின் சோறில்லா டயற், என் கணிதப் புள்ளிகள் என்று ஒவ்வொன்றாகக் காலமாகும். அன்ரி, கம்பு முனையில் வட்டமாக 'நில்' என்று எழுதிய லொலிபொப் பலகையை ஊன்றிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "பிரேதம் எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்று கேட்பார். நான் நேரம் சொல்லவேண்டும். நேரம் இல்லாத அறிவித்தலை அவர் ஏற்பதில்லை. என் பெயரையும் அவர் மறந்துவிட்டார். நான் அவருக்கு 'அறிவித்தல்'.

அந்தத் திங்கள் கடவையில் பலகை இல்லை. சின்னப் பிள்ளைகள் நடைபாதை ஓரத்தில் குவிந்து நின்றார்கள். விளையாட்டு ஆசிரியர் ஒருவர் நடுவீதியில் கையைத் தூக்கிக்கொண்டு தடுமாறினார். அப்போது அம்மா போன் எடுத்தா.

"டேய், ஞானம் அன்ரி போட்டா."

"எங்கை?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பகிடி விடாமல் கேட்ட கேள்வி அது. அம்மா அழத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது. நித்திரையிலேயே போயிருந்தார். அறுபது ஆக இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. ரோஸ்ரர் அறிவித்தல் என் சேர்ட் பொக்கற்றில் இருந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்கு: திருமதி ஞானேஸ்வரி, மஞ்சள் நிற நீளக் கோட்டும் தொப்பியும் போட்டு, ஆரம்பப் பள்ளிக்கும் எங்கள் பள்ளிக்கும் முன்னால் வாகனங்களை நிறுத்திப் பிள்ளைகளை வீதி கடத்துபவர். "அன்ரிக்குத் தொழில் பிள்ளை கடத்துறது" என்று நான் விருந்தினர்களுக்கு அறிமுகம் செய்து அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது கல்விக் கந்தோர் என்ற அரச அலுவலகத்தில் பதினொரு வருடம் கிளாக்காக இருந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒன்பதாம் ஆண்டில் படிக்கும்போது அவருடைய பலகையின் பின்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினேன். 'இன்று என் பிறந்தநாள், ஹோர்ன் அடிக்கவும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அன்று காலை தோர்ண்டன் ஹீத்தில் கலியாண ஊர்வலம் போவதுபோல் இருந்தது. அன்ரி கடைசியில்தான் தாளைக் கண்டார். கிழித்து, மடித்து, கோட்டுக்குள் வைத்தார். மறுநாள் நான் நண்பர்களோடு வந்தபோது, இரண்டு பக்கமும் வாகனங்களை நிறுத்தினார். மற்ற எல்லாரையும் நிற்கச் சொன்னார். என் கையை மட்டும் பிடித்து, பாலர் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல, அடிமேல் அடி வைத்துக் கடத்தினார். ஒரு பஸ் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மறுகரையில் என் தலையைத் தடவி, "கெட்டிக்காரன், இப்ப ரோட்டுக் கடக்கப் பழகீட்டான்" என்றார். அன்றிலிருந்துதான் எங்கள் நட்பு.

இனி அந்த விண்ணப்பக் கதை. அதை அனுப்பியவன் நான்தான் என்று உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பள்ளியையும், சட்டன் பக்கம் உள்ளவற்றையும் சேர்த்து ஏழு பள்ளிகளை ஒரு ட்ரஸ்ட் நடத்துகிறது. அதன் தலைமை நிர்வாகி ஓய்வுபெற, புதியவருக்கு விளம்பரம் போட்டார்கள். சம்பளம் இந்த நாட்டுப் பிரதமருடையதைவிடக் கூட என்று அப்பா கண்டுபிடித்தார். அதே கிழமை அதே ட்ரஸ்டிடம் இருந்து அன்ரிக்கும் ஒரு கடிதம் வந்தது. சிக்கனத்துக்காகத் தவணை முடிவோடு கடவைப் பணி நிறுத்தப்படுகிறதாம். "அவையளுக்குச் சம்பளம், எங்களுக்குத் தேங்காய்ச் சம்பல்" என்றேன். அன்ரி சிரிக்கவில்லை. "நான் வேறை வேலை பாப்பன். இந்த வாண்டுகள் எப்பிடிக் கடக்கும்?" என்றார்.

நான் அந்த விளம்பரத்தைப் போனில் காட்டினேன். 'பிள்ளைகளின் பாதுகாப்பில் நேரடி அனுபவம்', 'நெருக்கடியில் தலைமை தாங்கும் ஆற்றல்.' "அன்ரி, இது உங்களுக்கெண்டே எழுதின மாதிரிக் கிடக்கு. போடுவமோ?" என்று கேட்டேன். பகிடிக்குத்தான் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு விளம்பரத்தை முதலில் இருந்து கடைசிவரை இரண்டு தரம் வாசித்தார். "சனிக்கிழமை பத்து மணிக்கு லைப்ரரிக்கு வா" என்றார்.

லைப்ரரிக் கணினியில் நான் தட்ட, அவர் சொன்னார். நான் சேர்த்த பகிடிகளை எல்லாம் அழிக்கச் செய்தார். 'நீங்கள் எடுத்த கடினமான முடிவு ஒன்றை விவரிக்கவும்' என்று ஒரு கேள்வி வந்தது. அவர் யோசிக்கவே இல்லை. "எழுது. ஒவ்வொரு நாளும் காலமை, வாற லொறி நிக்குமோ நிக்காதோ எண்டு நான் முடிவெடுக்கிறன். பிழைச்சால் திருத்த ஏலாது." அப்படியே தட்டினேன். எதிர்பார்க்கும் சம்பளம் என்ற இடத்தில், 'விளம்பரத்தில் உள்ளதில் அரைவாசி. மிச்சத்தில் கடவைகளுக்கு ஆள் வைக்கவும்' என்று எழுதினோம்.

செவ்வாய்க்கிழமை ட்ரஸ்ட் அலுவலகத்தில் இருந்து அன்ரிக்கு அழைப்பு வந்தது. யாரோ மாணவன் உங்கள் பெயரில் விளையாடியிருக்கிறான்போல, நாங்கள் அதை அழித்துவிடுகிறோம் என்றார்களாம். அன்ரி, "விளையாட்டு இல்லை. அது என்ர விண்ணப்பம். பதில் போடுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பதில் வரவில்லை. வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டார்கள். சம்பள விசயம் பெற்றோர்களிடையே கொதித்து, கடைசியில் பள்ளி மண்டபத்தில் ஒரு பின்னேரம் கூட்டம் வைத்தார்கள். எங்கள் அப்பா உட்படப் பலபேர் கத்தினார்கள். அறங்காவலர் சபைத் தலைவர் ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: சிறந்தவர் வேண்டுமென்றால் சிறந்த சம்பளம் கொடுக்கவேண்டும். பக்கத்தில் புதிய நிர்வாகி, ஒரு நெடிய மனிதர், கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

பின்வரிசையில் மஞ்சள் கோட் எழும்பியது. அன்ரி ஆங்கிலத்தில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார். "ஐயா, நான் இந்தப் பதவிக்கு விண்ணப்பித்தேன். இன்னும் பதில் வரவில்லை."

மண்டபம் சிரித்தது. வாகனங்கள் போகட்டும் என்று நடைபாதையில் நிற்பாரே, அப்படி அந்தச் சிரிப்பு போய்முடியும்வரை நின்றார்.

"எனக்கு இந்த வேலை கிடைக்காது என்று எனக்குத் தெரியும். நான் கல்விக் கந்தோரில் இருந்தவள். நாங்கள் ஒருவரை வேண்டாம் என்றால், அவரிடம் என்ன குறை என்று எழுதி அனுப்புவோம். என்னிடம் என்ன குறை என்று எழுதித் தாருங்கள். என்னிடம் இல்லாத அந்த ஒன்றுக்குத்தானே இவ்வளவு சம்பளம். அது என்னவென்று இங்கே இருக்கிற எல்லாரும் வாசிக்கலாம்."

இரண்டு மணித்தியாலம் கத்தியவர்களால் கேட்கமுடியாத கேள்வி அது. தலைவர் தண்ணீர் குடித்தார். கூடிய விரைவில் எழுத்தில் பதில் தருவோம் என்றார்.

"திகதி சொல்லுங்கள்."

"வெள்ளிக்கிழமை" என்றார் அந்த நெடிய மனிதர், தலைவரைப் பார்க்காமலே. அன்ரி நன்றி சொல்லிவிட்டு இருந்தார்.

வெள்ளி வந்தது, கடிதமும் வந்தது. நிர்வாகியே எழுதியிருந்தார், இரண்டு பக்கம். வரவு செலவு, பரீட்சை, ஆசிரியர்களை எடுப்பது என்று தன் பொறுப்புகளையும் அன்ரியிடம் இல்லாத அனுபவத்தையும் விளக்கியிருந்தார். அன்ரி சிவப்புப் பேனையோடு வாசித்து, உடனே மறுமொழி எழுதினார்: 'தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. மூன்றாம் பந்தியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குத் தாங்களே பொறுப்பு என்று குறிப்பிட்டுள்ளீர்கள். திங்கள் காலை எட்டரைக்குக் கடவைக்கு வரவும்.'

வந்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். நல்ல மழை. விலையான சப்பாத்து, பெரிய கறுப்புக் குடை. அன்ரி பலகையை நீட்டினார். அவர் மறுகையால் வாங்கப்போக, அன்ரி விடவில்லை. "குடையும் பலகையும் ஒண்டாப் பிடிக்க ஏலாது. ஒண்டைத் தாங்கோ" என்று தமிழிலேயே சொல்லிக் குடையைப் பிடுங்கி என்னிடம் தந்தார். மனிதருக்கு எப்படியோ விளங்கிவிட்டது.

அவர் பலகையோடு இறங்கினார். பின்னால் ஐந்து சின்னப் பிள்ளைகள். ஒரு வெள்ளை வான் வேகம் குறையாமல் வந்தது. அவர் பின்னால் ஒரு அடி வைத்தார், யாராக இருந்தாலும் வைப்பார்கள். அன்ரி முன்னால் போனார். பலகை இல்லை, வெறும் கை. வான் வழுக்கிக்கொண்டு வந்து அன்ரியின் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் சாரதியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "வாங்கோ, ஓடாமல் வாங்கோ" என்றார். ஐந்தும் கடந்தன. நிர்வாகியின் முகம் தாள்போல வெளுத்திருந்தது.

அவருடைய சம்பளத்தில் ஒரு பவுண் குறையவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடவை தப்பியது. இப்போது பணியில் இருப்பவர் இருக்கும்வரை தொடரும் என்று கடிதம் வந்தது. அந்த வரியின் கீழே அன்ரி சிவப்புக் கோடு போட்டு எனக்குக் காட்டினார். "இந்த வசனத்தைப் பார்த்தியோ, அறிவித்தல்? நான் சாகக்கூடாதாம்."

நாங்கள் இரண்டுபேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

செத்தவீட்டுக்கு அந்த நெடிய மனிதர் வந்திருந்தார். பின்னால், சுவரோடு நின்றார். அடுத்த கிழமை பள்ளியில் இருந்து அறிவித்தல் வந்தது: தவணை முடிவோடு கடவைப் பணி நிறுத்தப்படும். வசனம் வசனம்தானே.

இனி நான் மறைத்த பகுதி. விண்ணப்பத்தை அனுப்பியவன் நான் இல்லை. அந்தச் சனிக்கிழமை எல்லாம் எழுதி முடிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. "அன்ரி, பகிடிதானே, அழிச்சுவிடுவம்" என்று கெஞ்சினேன். அவர் கையுறையைக் கழற்றினார். என் கையைத் தள்ளிவிட்டு, கைநாட்டு வைப்பதுபோலப் பெருவிரலால் அனுப்பும் பொத்தானைத் தானே அழுத்தினார். செவ்வாய்க்கிழமை அவருக்கு அழைப்பு வந்த அதே நேரத்தில் எங்கள் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, இது உன் வேலையா என்று கேட்டார். அந்த அன்ரியை எனக்குச் சரியாகத் தெரியாது என்று சொன்னேன். கூட்டத்துக்குப் பிறகுதான் எல்லாருக்கும் நான் அனுப்பினேன் என்று சொல்லத் தொடங்கினேன். ஒருமுறை அம்மா அவரிடமே கேட்டா, "இவன்தானே உங்களுக்கு அனுப்பித் தந்தவன்?" அன்ரி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஓம். கெட்டிக்காரன்" என்றார். ரோட்டுக் கடத்தியபோது சொன்ன அதே 'கெட்டிக்காரன்'.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பார்வையும், எதற்கும் நேரம் கேட்கும் அந்தக் கேள்வியும்தான். பகிடிக்கும் பதவிக்கும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

இன்னும் ஒன்று. பள்ளி அறிவித்தல் வந்த கிழமை, கடவையைப் பற்றி நிர்வாகிக்கு எழுதியாச்சு, அனுப்பியாச்சு என்று உங்களில் பலருக்குச் சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள். எழுதியது உண்மை. 'எமது கடவைக்கு ஆள் தேவையில்லை என்பதற்கான காரணத்தை எழுத்தில் தரவும். திகதி குறிப்பிடவும்.' அனுப்பவில்லை. பத்து நாளாகப் போனில் கிடக்கிறது. அழுத்தப் போகும்போதெல்லாம் தலைமை ஆசிரியரின் முகம் வருகிறது.

எத்தினை மணிக்கு என்று கேட்பீர்கள், அன்ரி. இந்த மலர் நாளைக்குப் பத்து மணிக்கு அச்சுக்குப் போகுது. அதுக்கு முதல் அழுத்துவன்.

ஒன்பதரைக்கு.