மீசையும் போன மொட்டை

மகன் பிறந்தபோது நான் வளைகுடா நாட்டில், முசஃபாவில் வெல்டர். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அவனோடு சேர்ந்து நானும் மொட்டை போடுகிறேன் என்று எங்கள் அய்யனாருக்கு நேர்ந்திருந்தேன். லீவு கிடைக்கட்டும், கிடைக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனதில், நான் இன்னும் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு முடி கண்ணை மறைத்தது.

“ரெட்டைச் சடை போட்டாச்சு. பொம்பளப் புள்ளையான்னு கேக்குறாக,” என்றாள் மனைவி போனில். “இனிமே தள்ள வேணாங்க.”

ஃபோர்மேன் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். மறுபடியும் போய்க் கேட்டேன்.

“முடி வெட்டவா லீவு? இங்க சலூன் இல்லியா?” என்று சிரித்தார்.

அவர் கேலியாகச் சொன்னதுதான் கடைசியில் வழியாயிற்று. அய்யனார் இங்கேயும் பார்ப்பார். ஊரில் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்த அந்த வெள்ளிக்கிழமை, நாங்கள் தங்கியிருந்த கேம்புக்குப் பக்கத்து சலூனில் நானும் உட்கார்ந்தேன். கடைக்காரர் பாகிஸ்தானி. என் இந்தியோ ‘அச்சா’வோடு முடிந்துவிடும். யார் எதைக் கேட்டாலும் அதைச் சொல்லியே காலத்தை ஓட்டியிருந்தேன். தலை முடிந்ததும் அவர் என்னவோ கேட்டார். நான் கண்ணை மூடிச் சாமியை நினைத்துக்கொண்டிருந்தேன். “அச்சா,” என்றேன்.

கண்ணைத் திறந்தபோது பாதி மீசை இல்லை. மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

எங்கள் பக்கம் தகப்பன் செத்தால்தான் தலையோடு மீசையையும் எடுப்பார்கள். ரூமுக்குள் நுழைந்ததும் டிவியை அணைத்துவிட்டார்கள். கீழ்க்கட்டில் அண்ணன் எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

“எப்பய்யா தகவல் வந்துச்சு?”

“அப்பா நல்லா இருக்காருண்ணே. இது வேண்டுதல்.”

“பெறகு மீசை?”

“அச்சான்னுட்டேன்.”

“நல்லவேளை, காதை எடுக்கவான்னு அவன் கேக்கல,” என்றான் மேல்கட்டில்காரன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் நல்ல நாளில் இப்படி ஒரு கோலமா என்று மனசு அடித்துக்கொண்டது. விபூதியைப் பூசிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் சைட்டில் என்னைப் பார்த்ததும் ஃபோர்மேன் ஹெல்மெட்டைக் கழற்றினார். பக்கத்தில் வந்து, “அப்பாவா?” என்றார் மெதுவாக. “ஆபீஸ்ல நான் சொல்றேன். எமர்ஜென்சி லீவு இன்னிக்கே தருவாங்க. போயிட்டு வா.”

இன்னொரு அச்சா போதும். மகன் தலையில் சந்தனம் காய்வதற்குள் போய்த் தடவிப் பார்த்துவிடலாம். ஆனால் அங்கே அந்த நேரம் அப்பா பேரனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பார்.

“அப்பா இருக்காரு சார். மகனுக்கு மொட்டை. அன்னிக்குக் கேட்டேனே.”

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “அப்போ டியூட்டிக்குப் போ,” என்றார்.

வெல்டிங் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டேன். கத்தி பட்ட இடமெல்லாம் வியர்வை இறங்கி எரிந்தது. மத்தியானம் வரைக்கும் எரிந்தது.