நான்கு செங்கல் வளர்ந்த கட்டில்

மட்டாஞ்சேரித் தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மலர் போடுகிறது. அதில் வரும் கவிதைகளைத் திருத்துவது பதினோரு ஆண்டுகளாக என் தலையில் விழுந்த வேலை. ஒரு கவிதைக்கு இருபது வரி, அதற்கு மேல் இடமில்லை.

படிக்கும்போதே அணிகளை எண்ணி ஓரத்தில் குறித்துவிடுவேன். 'கயிறு போன்ற ஓடை' என்றால் உவமை. 'ஓடைக் கயிறு' என்றால் உருவகம். அலையில் ஆடும் படகை, கரையைப் பிரிய மனமில்லாமல் ஆடுகிறது என்றால் தற்குறிப்பேற்றம். உள்ளதைக் கூட்டிச் சொன்னால் உயர்வு நவிற்சி. இந்த நான்கும் பிடிபட்டால் பெரும்பாலான கவிதைகள் பிடிபட்டுவிடும்.

இந்த முறை ஓடைக்கரையில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள் இருபத்திரண்டு வரி கொடுத்திருந்தார். உவமை மட்டும் ஆறு. 'காயல் கதவு தட்டாமல் வந்து அடுப்பில் உட்கார்ந்தது' என்ற இடத்தில் உருவகம் என்று குறித்தேன். கணவரை இழந்தவர், காயல் என்பது துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். 'என் கட்டில் நான்கு செங்கல் வளர்ந்தது' என்பது உயர்வு நவிற்சி. அந்த இரண்டு வரிகளையும் அடித்தேன். கணக்கு சரியாக வந்தது. திருத்திய பிரதியை அவருக்கு அனுப்பினேன்.

மறுநாளே வந்துவிட்டார்.

"அண்ணே, முக்கியமான ரெண்டு வரியக் காணோமே?"

"மிகையா இருந்தது. எடுத்துட்டேன்."

"மிகையா? நாளைக்கு வாவு. காலைல வெள்ளம் கேறும். ஒருக்கா வந்து பாருங்க."

மறுநாள் அமாவாசை. காலை ஏழு மணிக்குப் போனேன். காயலில் ஓதம் ஏறி, ஓடைச் சுவரைத் தாண்டி, உப்புத் தண்ணீர் சமையலறைக்குள் கணுக்கால் அளவு நின்றது. அடுப்பு நனைந்திருந்தது. கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் கீழே நான்கு செங்கல். குனிந்து எண்ணினேன், மொத்தம் பதினாறு.

"இதுல உவமை எத்தனை அண்ணே?" என்றார்.

சுவரை உயர்த்தச் சொல்லி மூன்று மனு கொடுத்தாராம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "மலரை வெளியிட கவுன்சிலர்தானே வராரு? மனுன்னா வாங்கி வெச்சிருவாரு. பாட்டுன்னா உக்காந்து கேட்டுத்தானே ஆகணும்!"

அடித்ததைத் திரும்பச் சேர்த்தேன். பதிலுக்கு நிலவும் தாமரையும் வந்த இரண்டு உவமைகளை எடுக்கலாமா என்று தயங்கிக் கேட்டேன்.

"எடுங்க. அதெல்லாம் நீங்க பாஸ் போடணும்னு வெச்சது."

விழாவில் அவர் வாசித்தார். தமிழ் புரியும் கவுன்சிலர் கை தட்டி, "நல்ல பாவன!" என்றார். நல்ல கற்பனையாம். தவறு முதலில் என்னுடையது என்பதால் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, அவருடைய மலையாளத்திலேயே சொன்னேன்.

"சாரே, பாவன அல்ல. கட்டிலின்டெ அடியில் பதினாறு கல்லு உண்டு. ஞான் எண்ணியதாணு!"

கூட்டம் சிரித்தது. கவுன்சிலர் சிரிக்காமல் அம்மாளிடம் வீட்டு எண்ணைக் கேட்டு, மலரின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு பேர் டேப்போடு வந்து ஓடைச் சுவரை அளந்தார்கள். நானும் போய்ப் பக்கத்தில் நின்று சரிபார்த்தேன். சுவர் இன்னும் உயரவில்லை.