உப்பில் ஊறிய கல்யாணப் படம்

என் அக்கா ஞானசௌந்தரிக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகியும் கல்யாணப் படம் என்று ஒன்று கிடையாது. செம்பாக்கம் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. அத்தான் வேதசிரோமணி குடிவந்த அன்றைக்கே நம்பிக்கையோடு அடித்த ஆணி. அதில் காலண்டர்கூட மாட்டவிட மாட்டாள் அக்கா. வெறும் ஆணியாக இருந்தால்தான் அவருக்கு உறைக்குமாம்.

குற்றம் முழுக்க அத்தானுடையதுதான். கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரரை வைக்கலாம் என்று எல்லோரும் தலைதலையாக அடித்துக்கொண்டார்கள். அவர் கேட்கவில்லை. சொந்தமாக ஒரு கேமரா வைத்திருந்தார், அகலமான ஒன்-ட்வென்டி ஃபிலிம் போடுவது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் குமிழைத் திருகி ஃபிலிமைக் கையால் சுற்ற வேண்டும். கேமராவை நண்பர் ஒருவரிடம் கொடுத்த மாப்பிள்ளை, சுற்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். தாலி கட்டியது, ஆயர் ஜெபம் செய்தது, பிரியாணி பரிமாறியது எல்லாம் ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிட்டன. பிரிண்ட் போட்டுப் பார்த்தால் பூசணிக்காய்க்கு மீசை முளைத்த மாதிரி ஏதோ தெரிந்தது. மீசை ஆயருடையது.

2006-இல் வெள்ளிவிழா வந்தது. அதே கேமராவில், அதே கல்யாணப் புடவையில் படம் எடுத்து ஆணியின் கடனைத் தீர்ப்பேன் என்றார் அத்தான். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இந்தத் தடவையும் சொதப்பினீங்கன்னா நான் ஸ்டூடியோவுக்குப் போயி தனியா நின்னு படம் எடுத்து மாட்டிடுவேன். நீங்க ஃபிரேமுக்கு வெளியவே இருங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஸ்கூலில் கணக்கு வாத்தியார் அவள். சொன்னால் சொன்னதுதான். அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது.

ஃபிலிம் எப்படியோ கிடைத்தது. கழுவித்தர ஆள் கிடைக்கவில்லை. தாம்பரத்து ஸ்டூடியோக்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ஒரு கடையில் ரோலைக் காட்டியபோது கவுன்டரில் இருந்தவர், "இன்னா சார் இது, பட்டாசா?" என்று கேட்டார். அத்தான் நேராக பிரவுசிங் சென்டருக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கண்ணில் தெரிந்த வெளிச்சம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஜேசன், வெளிநாட்டுல காபித்தூள்லயே ஃபிலிம் கழுவுறாங்கடா! காபி, சோடா, வைட்டமின் சி மாத்திரை. எல்லாம் வீட்டுச் சாமான்!"

முதல் சோதனையில் அக்காவின் ஃபில்டர் காபித்தூளும் ஆப்ப சோடாவும் காலி. குளியலறைக் கதவிடுக்கில் லுங்கியைத் திணித்து, இருட்டில் ஒரு மணிநேரம் ஃபிலிமை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஒன்றும் விழவில்லை. போட வேண்டியது ஆப்ப சோடா இல்லையாம், துணிக்குப் போடும் வாஷிங் சோடாவாம். "காபியும் போச்சு, ஆப்பமும் போச்சு" என்றாள் அக்கா. அடுத்த தடவை இன்ஸ்டன்ட் காபியும் வாஷிங் சோடாவும் போட்டு, மாத்திரையை அம்மியில் நுணுக்கிக் கலக்கினார். அந்த நாற்றத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா திரிபுரசுந்தரி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்து, "டீச்சரம்மா, டிரெய்னேஜ் அடைச்சிகினு கீதா?" என்று கேட்டார்.

ஆனால் படம் விழுந்தது. சோதனைக்காக எடுத்திருந்த அத்தானின் ஸ்கூட்டர், ஸ்டெப்னியோடு. மனிதர் ஈர லுங்கியோடு கூடத்தில் ஆடினார். அவருடைய விரல் நகங்கள் மட்டும் காபிக்கறை ஏறிப் போகவே மாட்டேன் என்றன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆயர் அவர் கையைக் குலுக்கிவிட்டு, "எப்போலேர்ந்து பிரதர் இந்த சிகரெட்டு?" என்று வருத்தமாக விசாரித்தார்.

அடுத்த சனிக்கிழமை செம்பாக்கம் ஏரிக்கரையில் படம் எடுத்தோம். அக்கா கல்யாணப் புடவையில், அத்தான் பொத்தான் போட முடியாத கல்யாணக் கோட்டில். அழுத்துகிற வேலை எனக்கு. ஒவ்வொரு தடவை அழுத்தப் போகும்போதும் அக்கா "சுத்தியாச்சா?" என்று கத்துவாள். நாலாவது படத்துக்குள் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரும் சேர்ந்து "சுத்தியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு கேமராவை ஏரியில் வீசியிருப்பேன். ஆனால் சுற்றினேன், ஒவ்வொரு தடவையும்.

மறுநாள் சாயங்காலம் குளியலறையில் ஃபிலிமைக் கழுவினார் அத்தான். கழுவிய ஃபிலிமில் படம் நிலைக்க ஹைப்போ என்று ஓர் உப்பு உண்டு, கடையில் கிடைக்கும். வாங்கி வரட்டுமா என்றேன். வீட்டுச் சாமான்தான் என்று பிடிவாதம். கல்லுப்பைக் கரைத்த தண்ணீரில் இரண்டு நாள் இருட்டில் ஊறினால் போதுமாம். அதற்கு முன்னால் வெயில் பட்டால் எல்லாம் கருத்துவிடுமாம். அக்காவின் பீங்கான் ஜாடி ஒன்றில் உப்புத் தண்ணீரை ஊற்றி, ஃபிலிமைச் சுருட்டிப் போட்டு, மூடி, பின்கட்டில் வைத்தார்.

பின்கட்டில் அதே மாதிரி இன்னொரு ஜாடி இருந்தது. அதில் அக்கா நார்த்தங்காய் போட்டிருந்தாள். வட்டம் வட்டமாக, சுருள் சுருளாக நறுக்கி, உப்பில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, ராத்திரி மறுபடி ஜாடியில் போடுவார்களே, அது. ஸ்கூல் நாட்களில் அதைக் காயவைக்கும் பொறுப்பு திரிபுரசுந்தரி அம்மாவுக்கு. பின்கட்டு ஜாடியை எடுத்துக் காயவையுங்கள் என்று எப்போதோ சொல்லி வைத்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் போனபோது அத்தான் காலி ஜாடியைக் கட்டிப்பிடித்தபடி மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தார். பாயில் நார்த்தங்காய்கள் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் நீளமாக, உப்புப் பூத்து, எங்கள் ஃபிலிம்.

திரிபுரசுந்தரி அம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. "ரெண்டு ஜாடி இருந்துச்சி, ரெண்டையும் காயவெச்சேன். இது ஒண்ணு மட்டும் ஒரே தோலா நீளமா கீதேன்னு பாத்தேன். வாசனை வேற காபி மாதிரி. டீச்சரம்மா எதுனா புதுசா செய்றாங்கன்னு நெனச்சேன். காத்துல சுருண்டுகினே போச்சு, அதான் மேல நாலு நார்த்தங்காய வெச்சேன். இன்னா சார், கெட்டுப்போச்சா?"

அத்தான் அவரைத் திட்டவில்லை. "இல்லம்மா, நல்லா காஞ்சிருக்கு" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும், வாரம் முழுக்க அவர்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது, அவ்வளவு பாவமாக இருந்தது. படி ஏறி வந்த அக்கா பாயைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள், இறங்கிப் போய்விட்டாள். அவள் திட்டியிருக்கலாம்.

கேம்ப் ரோட்டில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை உண்டு. ஃபிலிமை அங்கே கொண்டுபோய் ஸ்கேனரில் வைத்து, மேலே டேபிள் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். நெகட்டிவ் இல்லையா, வெயிலில் கருத்த இடமெல்லாம் படத்தில் வெள்ளை வெளேரென்று வந்தது. நார்த்தங்காய் மூடியிருந்த நாலு வட்டங்கள் மட்டும் பிழைத்திருந்தன. முதல் வட்டத்தில் அத்தானின் செருப்பு. இரண்டாவதில் மாட்டின் பின்பக்கம், வாலோடு. மூன்றாவதில் ஏரித் தண்ணீர்.

நாலாவதில் அக்கா. புடவைத் தலைப்பு காற்றில் பறக்க, தலை சாய்த்து, வாய் நிறைய "சுத்தியாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சிரிப்பை அடக்க முடியாமல் கேட்கிற முகம். என் அக்கா இவ்வளவு அழகு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் அத்தான் நின்ற இடம் வெறும் வெள்ளை. அவருடைய கை மட்டும் வட்டத்துக்குள் வந்து அக்காவின் தோளில் இருந்தது.

பிரிண்ட் போட்டு, ஃபிரேம் பண்ணி எடுத்துப் போனேன். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"நான் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு பாத்தீங்களா? ஃபிரேமுக்கு வெளிய போயிட்டீங்க."

"இன்னொரு ரோல் இருக்கு ஞானம்" என்றார் அத்தான், மெதுவாக. "மறுபடி எடுத்துடலாம். இந்தத் தடவை ஹைப்போ வாங்கிடறேன்."

"ஒண்ணும் வேணாம். சுத்தியலை எடுங்க, ஆணி ஆடுது."

ஆணியை இறுக்கி, அவளே மாட்டினாள். திரிபுரசுந்தரி அம்மா பார்க்க வந்து, "சோக்கா கீது டீச்சரம்மா. ஆனா சாரு எங்க?" என்று கேட்டார்.

அக்கா தோள்மேல் இருந்த கையைத் தொட்டுக் காட்டினாள்.

"இதோ இருக்காரே. நகத்தைப் பாருங்க, எவ்ளோ கறை. எனக்காகக் காபியில ஊறின கை."