கதிக்கு மறை இல்லை

பிள்ளைகளே, நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவன் என்றால் நீங்கள் நம்புவதில்லை. உங்கள் உம்மாவும் சிரிக்கிறாள். அதனால் எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. வரிப்பத்தான்சேனையிலிருந்து கல்முனைக்கு வந்து, மாமி வீட்டில் தங்கிப் படித்தேன். பிரயோக கணிதம் படிப்பித்த சேருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவரை ஆகாது; அதை மறைத்து எழுத விருப்பமில்லை. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டேய் வட்டை" என்பார். வட்டை என்றால் வயல்வெளி. நான் வகுப்புக்குள் வந்தால், சேறு மணக்குதெண்டு யன்னலைத் திறக்கச் சொல்வார்.

முதல் தவணைப் பரீட்சையில் எனக்கு எஃப். "அடுத்த தவணையும் எஃப் எண்டா கலைப் பிரிவுக்குப் போயிரு. இஞ்ச இரிக்கேலா" என்றார். கலைப் பிரிவு மட்டமானதில்லை. ஆனால் அவர் தள்ளி நான் போவதா? அந்தத் தவணை முழுவதும் நான் படித்தது எஞ்சினியர் ஆவதற்காக அல்ல, நான் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழும்பாமல் இருப்பதற்காக.

பரீட்சையில் பெரிய கணக்கொன்று வந்தது. மேலே எறிந்த கல் திரும்பி நிலத்தில் விழும்போது அதன் கதி என்ன? எல்லாப் படியும் சரியாகச் செய்து, விடைக்கு முன்னால் ஒரு மறைக்குறி, அதாவது கழித்தல் குறி, போட்டேன். எங்கள் பாடப் புத்தகத்தில் வேகம் வேறு, கதி வேறு. வேகத்துக்குத் திசை உண்டு. மேலே போனால் நேர், கீழே வந்தால் மறை. கதி என்பது விரைவின் அளவு மட்டும், அதற்குத் திசை இல்லை. அது எப்போதும் நேர்தான். இதைப் படித்தும் இருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் கெட்டுப்போனால்தான் அந்தச் சொல் வாயில் வரும். "அவன்ட கதியப் பாத்தியா?" என்பார்கள். அந்தக் கதி மேலே போய் நான் கேட்டதில்லை. கல் விழுகிறது, கதி என்கிறார்கள். கை தானாக மறை போட்டுவிட்டது.

சேர் அந்தக் கணக்கு முழுவதையும் குறுக்கே வெட்டிச் சைபர் போட்டிருந்தார். மீண்டும் எஃப்.

"வழியெல்லாம் சரிதானே சேர். குறிக்கு மட்டும் புள்ளியக் குறைங்க" என்றேன்.

"கதிக்கு மறை இல்லடா வட்டை. உலகத்துல ஒருத்தன்ட கதிதான் மறை. அது உன்ட."

வகுப்பே சிரித்து உருண்டது. பக்கத்தில் இருந்தவன் மட்டும், "மச்சான், வாயப் பொத்திக்கிட்டு இரி" என்றான்.

வாப்பாவைக் கூட்டிவரச் சொன்னார் சேர். வாப்பா வெள்ளைச் சாறனும் தொப்பியுமாக வந்து நின்றார். யாரும் உட்காரக் கதிரை கொடுக்கவில்லை.

"இவனுக்குக் கணக்கு ஏலா. கலையில போடுங்க. வட்டையில வேலைக்கு ஆள் காணாதெண்டா கூட்டிக்கிட்டுப் போங்க."

"நீங்க சொன்னாச் சரிதான் சேர்" என்றார் வாப்பா.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்குச் சரியில்ல வாப்பா. நான் எழும்ப மாட்டன்" என்றேன். வாப்பா அங்கேயே கன்னத்தில் ஓர் அறை வைத்தார். சேர் சிரித்தார். அறை மறந்துவிட்டது. சிரிப்பு மறக்கவில்லை.

அடுத்த நாளும் அதே வாங்கில் போய் இருந்தேன். அவர் என்னைத் துரத்தவில்லை. என் கொப்பியைத் திருத்துவதை மட்டும் நிறுத்தினார். நான் கேள்வி கேட்டால் யன்னலைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவனின் கொப்பியைப் பார்த்து என் பிழைகளை நானே வெட்டினேன். படிப்பதைவிடக் கோபப்படுவதில்தான் அதிகம் களைத்தேன்.

கடைசிப் பரீட்சையில் பிரயோக கணிதத்துக்கு எஸ் கிடைத்தது. சாதாரண சித்திதான், வெறும் பாஸ். மற்றப் பாடங்களும் சேர்ந்து பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. முடிவு ஒட்டியிருந்த பலகைக்குப் பக்கத்தில் சேர் நின்றார்.

"என்னடா வட்டை, உன்ட கதி என்ன?"

"நேர், சேர்."

அவருக்கு விளங்கவில்லை. தான் அடித்த பகிடியே அவருக்கு நினைவில் இல்லை. நான் அதோடு அவரிடம் கதைக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

உங்களில் யாராவது எஃப் கொண்டுவந்தால் நான் ஏசுவேன். ஏசாமல் விடமாட்டேன். ஆனால் உங்களை வாங்கிலிருந்து எழுப்புவதற்காக என்னை யாரும் கூப்பிட்டால், "நீங்க சொன்னாச் சரிதான்" என்று மட்டும் என் வாயில் வராது.