அகலம் எத்தனை அடி?

காலை பத்து இருபது. சங்கரன்கோவிலில் அந்த வண்ணமீன் கடைக்கு நான் போனபோது முதலில் பார்த்தது, தெருவில் வெயிலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரரைத்தான். கழுத்தில் தையல்காரரைப் போல ஓர் இஞ்சு டேப் தொங்கியது.

எனக்கு முன்பே ராயகிரியிலிருந்து ஒருவர் வந்து நின்றிருந்தார். புது வீட்டுக்கு அரோவானா மீன் வேண்டும், வாஸ்துக்கு நல்லது என்றார்.

“தொட்டி அகலம் எத்தனை அடி?”

“நீளம் மூணடி அண்ணாச்சி.”

“அகலத்தைக் கேட்டேன் வே.”

“ஒரு அடி இருக்கும். தொட்டிக்குத் தக்கனதான் மீனு வளரும்னு சொல்லுதாவளே?”

கடைக்காரர் எழுந்து, டேப்பை எடுத்து அவருடைய தோள்களை அளந்தார். பிறகு இரண்டு கடைச் சுவர்களுக்கு நடுவே இருந்த இடுக்கைக் காட்டினார்.

“அதுக்குள்ள போயி, நடுவுல நின்னு இந்தப் பக்கமா திரும்பும் பாப்போம்.”

ராயகிரிக்காரர் ரோஷத்தோடு பக்கவாட்டில் உள்ளே நுழைந்தார். திரும்பத்தான் முடியவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழ, பக்கவாட்டிலேயே நகர்ந்து வெளியே வந்தார்.

“அது மூணடி வளருத மீனு. ஒம்ம வீட்டுல ஆயுசுக்கும் இப்படித்தான் நிக்கும்.”

“அப்போ எதைத்தான் தருவிய?”

“நாலு கப்பி மீனு தாரேன். விரலளவுதான் இருக்கும்.”

அவர் கப்பிகளை வாங்கிக்கொண்டு போனார். அரோவானாவை வேறு யாரும் கேட்கவில்லையா என்றேன்.

“கேக்காம என்ன? மூணு வருசமா கேக்காவ. அகலமான தொட்டி ஒருத்தன்கிட்டயும் இல்ல.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். எட்டடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள தொட்டியில் அந்த மீன் நிதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கடைக்குள் நாற்காலி போட இடமில்லை.