குரவை வராத வாய்

என் வாய் காய்ந்தது ஒரு மாசி மாதம். எந்த நாள் என்று தெரியாது. காலையில் எழும்பும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. விரலை விட்டுத்தான் பிரித்தேன். தண்ணீர் குடித்தேன். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

முதலில் பாண் இறங்கவில்லை. பிறகு புட்டு. சோற்றை ஆணத்தில் கரைத்துக் குடித்தேன். கதைத்துக்கொண்டு இருக்கும்போது சொல் பாதியில் நின்றுவிடும். போத்தலில் தண்ணீர் இல்லாமல் படலையைத் தாண்ட மாட்டேன். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. ஈரம் மட்டும் இல்லை.

அது சண்டைக் காலம். ஒவ்வொரு வீட்டிலும் பிடித்துக்கொண்டு போன ஆளோ காயப்பட்ட ஆளோ இருந்தது. அதற்குள் நான் போய் எனக்கு எச்சில் ஊறவில்லை என்று சொல்வதா? சொல்லவில்லை. என் புருசனுக்குக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு வாவிக்கு அக்கரையில் வயல்வட்டையில் வேலை. கிழமைக்கு ஒருமுறைதான் வருவார்.

வைகாசிச் சடங்கில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

எங்கள் கண்ணகை அம்மன் கோயில் கதவு ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கும். முன்பு பொழுதுபட்ட பிறகு திறப்பார்கள். ஊரடங்குச் சட்டம் வந்த பிறகு பின்னேரமே திறந்தார்கள். கதவு திறக்கும்போது பெண்கள் குரவை போடவேண்டும். எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவதில்லை. ஒருத்தி முதலில் எடுப்பாள், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் சேர்வார்கள். எங்கள் ஊரில் அந்த முதல் குரவை என்னுடையது. யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. கலியாணமாகி அடுத்த ஆண்டு ஒருநாள் எடுத்தேன். பிறகு எல்லாரும் நான் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான். நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். காணி பூமி பெரிதாக இல்லை. அழகும் இல்லை. ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு சத்தம்.

குரவைக்கு நாக்கு வாய்க்குள் புரண்டு ஓடவேண்டும். அதற்கு ஈரம் வேண்டும். அந்த ஆண்டு கதவு திறந்தது. நான் வாயைத் திறந்தேன். பழந்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற என் தங்கச்சி உடனே எடுத்தாள். எல்லாரும் அவளுக்குப் பின்னால் போனார்கள்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அம்மன் கதவு திறக்கும்போது சத்தம் நிற்கக்கூடாது. இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கும் தெரிந்திருக்கும்.

வழியில் ஒரு மச்சாள் சொன்னாள்.

"உன்ட தங்கச்சிர குரவை துறைவரைக்கும் கேட்டிருக்கும்கா. மூச்சே விடல்ல."

"ஓம்" என்றேன்.

தங்கச்சி என் வளவுக்குப் பக்கத்து வளவு. அம்மாவின் காணியை இரண்டாக்கித்தான் எங்களுக்குச் சீதனம் தந்தது. நடுவில் ஒரு மட்டை வேலி, இரண்டு பேருக்கும் ஒரு கிணறு. அவள் துறையில் மீன் எடுத்து ஊருக்குள் விற்கிறவள். வாய் ஓயாது. எந்நேரமும் வெற்றிலை. வேலியடியில் நின்று துப்புவாள். சிவப்பாக, நீளமாக, சலக்கென்று விழும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். இவளுக்குத் துப்புகிற அளவுக்கு இருக்கிறதே என்று இருக்கும். அவளில் மட்டும் இல்லை. வாயொழுகுகிற சின்னப் பிள்ளையைப் பார்த்தாலும் எரிந்தது. அசைபோடுகிற மாட்டைப் பார்த்தாலும் எரிந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் வட்டாவில் வெற்றிலை வைத்து நீட்டுவார்கள். எடுக்காவிட்டால் மரியாதை இல்லை. எடுத்து வாயில் போடுவேன். அது ஓலைத் துண்டு மாதிரி அப்படியே கிடக்கும். திரும்பி நின்று சேலைத் தலைப்பில் எடுத்து ஒளிப்பேன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று இடத்தில் ஆமியின் சோதனைக்குப் பஸ்ஸால் இறங்கி நடந்து, திரும்ப ஏறி, போய்ச் சேர மத்தியானம் ஆனது. டொக்டர் மூத்திரம் சோதித்தார்.

"சீனி வருத்தம் இல்ல."

"மறுகா என்ன, ஐயா?"

"பயந்தா வாய் காயும். இப்ப ஆருக்குத்தான் பயம் இல்ல?"

"நான் பயப்படல்ல. நித்திரையிலயும் காயுது."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணிலும் மணல் விழுந்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். கொழும்பில் சோதிக்கவேண்டும், இங்கே வசதி இல்லை என்றார். கொழும்புக்கு யார் போவது? விற்றமின் குளிசை தந்தார். தின்றேன். ஒன்றும் இல்லை. பெரியகல்லாற்றில் ஒரு பரிசாரியார் உடம்புச் சூடு என்று நன்னாரி வேர் அவித்துக் குடிக்கச் சொன்னார். நாற்பது நாள் குடித்தேன். நாற்பத்தோராம் நாளும் நாக்கு ஒட்டித்தான் கிடந்தது.

அடுத்த சடங்கும் வந்தது. நான் முன்வரிசையில் நிற்கவில்லை. தங்கச்சி நின்றாள். புதுச் சேலை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் ஆண்டிலாவது பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வெல்லாவெளிப் பக்கம் ஒருவரிடம் போனேன். மந்திரம் தெரிந்தவர். குருக்கள்மடத்துத் துறையில் பாதை ஏறி அக்கரைக்குப் போகவேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றுகிற மிதவையை. இக்கரையில் ஆமியின் சோதனை இருந்தது. அக்கரையில் வேறு சோதனை.

அவர் என் நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்தார். ஒரு தேசிக்காயை வெட்டி அதையும் பார்த்தார்.

"வாய்க்கட்டு" என்றார். "உன்ட வாயக் கட்டியிருக்கு. கோயில்லயா நிண்டு போனது?"

"ஓம்."

"பின்னால நிண்டது ஆரு?"

நான் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

"ஒரே கிணத்துத் தண்ணி குடிக்கிற ஆள்" என்றார். "அவட துப்பல் விழுந்த மண் கையால அள்ளி ஒரு சிரங்கை கொண்டுவா. கட்ட வெட்டி விடுறன்."

கிணறு அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வளவுகளும் அப்படித்தான், அக்கா தங்கச்சிக்கு ஒரு கிணறு. அதையும் யோசிக்கவில்லை. நான் நம்ப விரும்பினேன். நம்பினேன். திரும்பி வரும்போது மனது லேசாக இருந்தது. எனக்கு நோய் இல்லை, பழி போட ஓர் ஆள் இருக்கிறது.

வேலியடியில் மண் எடுப்பது கஷ்டம் இல்லை. அவள் குளிக்கப் போன நேரம் ஓலையை விலக்கிச் சிரட்டையால் சுரண்டினேன். ஈரம் காயாத மண். பாக்குத் துண்டும் அதில் கிடந்தது. பால்மாத் தகரப் பேணியில் போட்டு மூடினேன்.

அவள் துறைக்கு வரும் முன்னே முதல் பாதையில் போய்விட நினைத்தேன். அன்றைக்கென்று பாதை பிந்தியது. வரிசையில் நிற்கும்போது அவள் மீன் கடகத்தோடு வந்துவிட்டாள். கண்டும் காணாத மாதிரி நின்றேன்.

சென்றியில் நின்ற ஆமிக்காரன் பையைக் கொட்டச் சொன்னான். பேணியைத் திறந்தான். முகம் மாறியது.

"லே" என்றான்.

லே என்றால் ரத்தம். அந்தச் சொல் எங்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேர் ஓடிவந்தார்கள். துவக்கு நீண்டது. யாருடைய ரத்தம், எங்கே கொண்டுபோகிறாய் என்று அரைத் தமிழில் கேட்டான். எனக்குச் சொல்ல வேண்டும். நாக்கு எழும்பவில்லை. உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. வாய் காய்ந்து நிற்கிறவள் கள்ளி என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். தண்ணீர்ப் போத்தலை எட்டினேன். அதைக் காலால் தட்டிவிட்டான்.

தங்கச்சி கடகத்தை மணலில் போட்டுவிட்டு வந்தாள். பேணிக்குள் பார்த்தாள்.

"லே நெவெய் மாத்தயா" என்றாள். "புலத். புலத்." ரத்தம் இல்லை ஐயா, வெற்றிலை. அவர்களோடு மீன் விற்றுப் பழகியவள். நம்பாமல் பார்த்தார்கள். அவள் வாயில் கிடந்ததை அவர்கள் சப்பாத்துக்கு முன்னால் மணலில் துப்பிக் காட்டினாள். பேணியையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரே சிவப்பு.

வயதான ஒருவன் உள்ளேயிருந்து வந்தான். பேணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சிரித்தான்.

"ஹூனியம்" என்றான்.

அவர்கள் ஊரிலும் உண்டு போல. சூனியம் என்று எங்களுக்கு விளங்கியது. மற்றவர்கள் சட்டென்று கையை எடுத்துவிட்டார்கள். வாவியில் எறி என்று வயதானவன் எனக்குக் கை காட்டினான். எறிந்தேன். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

தங்கச்சி மெல்லக் கேட்டாள்.

"என்ட துப்பலா அது?"

நான் மணலில் கிடந்த போத்தலை எடுத்தேன்.

"நானா உன்ட வாயக் கட்டின?"

போத்தலில் ஒட்டிய மணலைத் துடைத்தேன்.

"துப்பல் வேணுமெண்டாக் கேட்டிருக்கலாமே அக்கா. சிரட்டையில துப்பித் தந்திருப்பன்."

வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கடகத்தைத் தூக்கினாள். மீனில் மணல் ஒட்டியிருந்தது. அதை வாவியில் அலசக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. அவள் கிணற்றுக்கு வருகிற நேரம் நான் போவதில்லை. வெற்றிலையைத் தெருப்பக்கம் போய்த் துப்பினாள். வேலியடி மண் காய்ந்து வெள்ளையானது. அக்கரைக்குத் திரும்பப் போக எனக்கு மனம் வரவில்லை. புருசன் ஒருமுறை கேட்டார், "சண்டையா?" என்று. "ஓம்" என்றேன். அவர் வேறு கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவள் என்னைக் காப்பாற்றினாள் என்று எனக்குத் தெரியும். அன்று அவள் வராவிட்டால் என்னை ஆமிக் காம்புக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அதற்கு நன்றி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. துவக்குக்கு முன்னால் நின்றபோதும் அவள் வாயில் துப்ப இருந்தது. அவளும் பயந்துதான் நின்றாள். அவள் வாய் காயவில்லை. அதை நினைத்து நான் பல நாள் நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறேன்.

மூன்றாவது சடங்கு வந்தது. அவள் முன்வரிசைக்குப் போகவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வேண்டுமென்றே வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. உடுக்கு அடித்தார்கள். குரவை வரவில்லை. பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தார்கள். துறையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. மறைக்கமாட்டேன். என்னுடையது போனது, அவளுடையதும் போகட்டும். அவ்வளவு நேரம் அம்மன் முன்னால் அந்த ஊர் சத்தமில்லாமல் நின்றதை நான் கண்டதில்லை. ஒரு கிழவர் திரும்பி, "என்ன புள்ளையள்?" என்று கேட்டார். அந்த ஆண்டில் அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

நான் அவள் கையைத் தட்டினேன்.

"போடு."

"நான் போட மாட்டன். மறுகா நான்தான் கட்டினதெண்டு சொல்லுவாய்."

"போடுகா."

"நான் கட்டல்லெண்டு சொல்லு. எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என் கையிலிருந்த போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து நீட்டினாள். குடித்தேன்.

"அவள் கட்டல்ல" என்றேன். "இது உடம்பு வருத்தம். அவளுக்கும் இதுக்கும் ஒண்டுமில்ல. நான்தான் பொல்லாதவள்."

கடைசி வரியைச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை. அது தானாக வந்தது.

அவள் குரவையை எடுத்தாள். நீளம். மூச்சே விடவில்லை. எல்லாரும் சேர்ந்தார்கள். நான் கைகூப்பி நின்றேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

என் வாய் ஏன் காய்ந்தது என்று இன்னும் தெரியாது. பிறகு வந்த டொக்டர்மார் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. சடங்குக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போவோம். அவள் முன்வரிசைக்குப் போவாள். நான் பின்னால் நின்று, அவள் எங்கே மூச்சு விடுகிறாள் என்று கவனித்துக்கொண்டு நிற்பேன்.